வெளிக்குழாயின் பச்சை டேப்பு

அக்டோபரில் வருகிற நன்றித் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, வண்டியில் கோத்து ஏரிக்கு இழுத்துப் போகிற டிரெய்லர் வீட்டைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வது வெர்னா வீட்டு வழக்கம். திங்கட்கிழமை விருந்துக்கு வான்கோழி, சனிக்கிழமை ரோஸ் தண்ணீர். பதினொரு வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை. வான்கோழியாவது ஒரு வருஷம் கருகிப்போய், பன்றித் தொடையை வைத்து ஒப்பேற்றினார்கள். ரோஸ் தண்ணீர் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

தவறியதில்லை என்று அக்டோபரில் எல்லோரும்தான் சொல்வார்கள். தவறியதா இல்லையா என்று மே மாதம்தான் சொல்லும். பைப்பின் வளைவில் ஒரு குவளை தண்ணீர் தங்கிவிட்டால் போதும், கனடாவின் சஸ்காட்செவன் ஜனவரி அதை உறைய வைத்து, வீங்க வைத்து, பைப்பைப் பிளந்துவிட்டுப் பேசாமல் போய்விடும். பிளந்தது தெரிவது வசந்தத்தில், ஏரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் தண்ணீரைத் திறக்கும்போது. அதனால்தான் இருக்கிற தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டு, எந்தக் குளிருக்கும் உறையாத அந்த ரோஸ் நிறத் திரவத்தைக் குழாய் குழாயாக ஏற்றுவார்கள். ரோஸ் என்பது நிறம் மட்டும்தான், வாசனை ஒன்றும் கிடையாது.

இந்த வருஷம் அந்த வேலை வெர்னாவின் தலையில் விழுந்தது. அவள் கணவன் ஓரெஸ்ட், அறுபத்தெட்டு வயதில் பக்கத்துப் பண்ணையின் அறுவடை இயந்திரத்தில் ஏறி, ஏணியின் கடைசிப் படியை விட்டுவிட்டு இறங்கப் பார்த்தவன். தோளில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். வலது கையைத் துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு, முற்றத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த இடது கையாலும் வாயாலும் வேலை செய்துகொண்டிருந்தான்.

"அடி வால்வைத் திறந்துட்டியா?"

"திறந்துட்டேன்."

"ரெண்டும்?"

"ரெண்டுதான இருக்கு? மூணாவது ஒண்ணை நான் எங்க போயி வாங்கிட்டு வர?"

"கேட்டேன். கேக்கக்கூடாதா?"

வெர்னா டிரெய்லரின் பக்கவாட்டில் குனிந்து வெந்நீர் டாங்கியின் அடைப்பானைத் திருகி எடுத்தாள். வெதுவெதுப்பான தண்ணீர் அவள் பூட்ஸைத் தாண்டிப் புல்லில் ஓடியது. டாங்கியைத் துரு தின்னாமல் காக்க அடைப்பானோடு சேர்ந்திருக்கிற உலோகக் கம்பி, சோளக்கதிரைக் கடித்துத் தின்று போட்ட சக்கை மாதிரி அரித்துப் போயிருந்தது. தண்ணீர் நின்றதும் அடைப்பானைத் திரும்ப மாட்டினாள். இதெல்லாம் மார்வின் செய்கிற வேலை. உள்ளே ஓரெஸ்ட், வெளியே மார்வின், ரெண்டு பேருக்கும் காபியும் திட்டும் கொடுக்க வெர்னா என்றுதான் பத்து வருஷம் போயிற்று.

மார்வின் அவளுடைய அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவன். இருபது மைல் தள்ளி அடுத்த ஊரில் தனியாக இருக்கிறான். டிரெய்லர் பாதி அவனுடையது, பாதி இவர்களுடையது. கோடையில் மூன்று பேரும் சேர்ந்தே ஏரிக்குப் போவார்கள். மூலைக் கட்டில் மார்வினுக்கு. அவன் குறட்டையை ஓரெஸ்ட் திட்டுவான், ஓரெஸ்டின் மீன்பிடிக் கதைகளை அவன் நம்ப மாட்டான். நன்றித் திருநாளுக்குக் காரமான பீட்ரூட் ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டுவருவான். அவர்கள் அம்மாவின் ஊறுகாய் அது. வெர்னாவுக்கு அந்தக் கைப்பக்குவம் வரவில்லை, மார்வினுக்கு வந்துவிட்டது. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மே மாதத்துக்குப் பிறகு அவன் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. செப்டம்பரில் கூட்டுறவுக் கடையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை வெர்னா பார்த்தாள். அவர்கள் டிரெய்லரின் படம், 'விற்பனைக்கு', கீழே மார்வினின் எண். நன்றித் திருநாள் முடிந்ததும் மெல்ஃபோர்ட்டிலிருந்து ஒரு தம்பதி பார்க்க வருவதாகக் கடைக்காரிதான் சொன்னாள். அண்ணன் தங்கைக்குள் சேதி கடைக்காரி வழியாக வருகிற நிலைமை ஆகிவிட்டது.

எல்லாம் இந்த டேப்பால் வந்த வினை. அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. எந்தக் குழாயில் ரோஸ் தண்ணீர் வந்ததோ அதில் ஒரு துண்டு பச்சை டேப்பை ஒட்டி, இடத்தையும் தேதியையும் எழுதிவிடுவார்கள். டேப்பு ஒட்டிய குழாயை வசந்தம் வரை யாரும் தொடக்கூடாது. சமையல் தொட்டி, முகம் கழுவுகிற தொட்டி, குளியல், கழிப்பறை, அப்புறம் வெளிக்குழாய் என்று மொத்தம் ஐந்து டேப்பு. வசந்தத்தில் ஐந்தையும் கிழித்து எடுப்பது வெர்னாவின் வேலை.

வெளிக்குழாய் என்பது டிரெய்லரின் பக்கச் சுவரில், உள்ளங்கை அகலக் கதவுக்குப் பின்னால் இருக்கிற குழாய். ஏரியிலிருந்து வந்து மணல் காலைக் கழுவிக்கொள்ளட்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஒருத்தரும் கழுவுவதில்லை. மணலோடுதான் உள்ளே வருவார்கள்.

மே மாதம் தோட்டக் குழாயை மாட்டித் தண்ணீரைத் திறந்தபோது வெடித்திருந்தது அந்த வெளிக்குழாய்க்குப் போகிற பைப்தான். கால் மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. மூலைக் கட்டிலின் மெத்தை ஊறி, தரைப்பலகை உப்பி, தண்ணீர் வாசற்படி வழியாக இறங்கி வந்து சேதி சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"வெளிக்குழாய் உன் வேலைதான மச்சான்?" என்று ஓரெஸ்ட் கேட்டான்.

"என் வேலைதான். கதவைத் திறந்தேன், டேப்பு ஒட்டியிருந்துச்சு. நீ வழக்கம்போல முந்திக்கிட்டுச் செஞ்சிட்டேன்னு மூடிட்டேன்."

"நான் அந்தப் பக்கமே வரல. எந்த டேப்பு? கனவுல பார்த்தியா?"

"கண்ணால பார்த்தேன்."

"பொய் சொல்லாத மச்சான். மறந்துட்டேன்னு சொல்லு, விஷயம் முடிஞ்சிரும்."

மார்வின் தங்கையின் பக்கம் திரும்பினான். "வெர்னா, முந்தாநாள் நீதான எல்லாத்தையும் கிழிச்சே. அந்தக் கதவுல டேப்பு இருந்துச்சா இல்லியா?"

வெர்னா அப்போது சொட்டச் சொட்ட மெத்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். முதுகு வலி, எரிச்சல். "இல்ல," என்றாள்.

மார்வின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். கிளம்பிப் போய்விட்டான்.

அதிலிருந்து வெர்னாவுக்கு நியாயஸ்தர் பதவி கிடைத்தது. சர்ச் கூடத்தில் பெண்கள் சேர்ந்து உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை மடிக்கிற புதன்கிழமைகளில் இந்தக் கதையை அவள் பலதடவை சொல்லியிருக்கிறாள். "உள்ளங்கை அகலக் கதவு. அதைத் திறந்து பார்க்கத் துப்பில்லாத ரெண்டு கிழட்டு எருமைங்க. ஒருத்தன் ஒத்துக்க மாட்டான், இன்னொருத்தன் விட மாட்டான். நடுவுல நான்." பெண்கள் சிரிப்பார்கள். உள்ளதைச் சொன்னால், நடுவில் நிற்பது அவளுக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

"பம்பைப் போடு," என்று ஓரெஸ்ட் முற்றத்திலிருந்து கத்தினான். "அஞ்சு மணி ஆகப்போகுது. ராத்திரி மைனஸ் ஒம்போதாம், ரேடியோவுல சொன்னான்."

"போடறேன், போடறேன்."

வெர்னா உள்ளே ஏறி, இருபது லிட்டர் கேனுக்குள் உறிஞ்சு குழாயை விட்டாள். பம்பு உறுமியது. சமையல் தொட்டியில் குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். இருமியது, துப்பியது, வெறும் தண்ணீர் கொஞ்சம் வந்தது, அப்புறம் வெளிறிய ரோஸ், அப்புறம் நல்ல ரோஸ். இத்தனை வருஷம் ஆகியும் அந்த நிறம் வந்து விழும்போது அவளுக்குச் சின்னச் சந்தோஷம் வரும். இப்போதும் வந்தது. மூடிவிட்டு, பக்கத்தில் வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. வரட்டும் என்று அதைத் திறந்தபடி விட்டு, டேப்பில் எழுதப் பேனாவைத் தேடி ஜாக்கெட் பையில் கையை விட்டாள்.

அது டிரெய்லர் வேலைக்கென்றே வைத்திருந்த பழைய ஜாக்கெட். வருஷத்தில் இரண்டு நாள் போடுவாள், வசந்தத்தில் ஒரு நாள், இலையுதிர் காலத்தில் ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் கராஜ் ஆணியில் தொங்கும். பையில் பேனா அகப்படவில்லை. ஒட்டிக்கொண்டு சுருண்ட பச்சை உருண்டை ஒன்று வந்தது.

மே மாதம் அவள் கிழித்த டேப்புகள். குப்பையில் போட மறந்து பையில் திணித்திருக்கிறாள். சும்மாதான் பிரித்தாள். சமையல், அக்டோபர் 7, 2023. கழிப்பறை, அக்டோபர் 7, 2023. குளியல், அதே தேதி. முகத்தொட்டி, அதே தேதி. நாலு.

ஐந்தாவது நடுவில் நசுங்கிக் கிடந்தது. மற்ற நாலையும்விட வெளுத்திருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பிரித்தாள். வெளி, அக்டோபர் 8, 2022. ஓரெஸ்டின் எழுத்து.

வெர்னா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பின்னாக எல்லாம் நினைவுக்கு வந்தது. 2022-இல் மார்வினுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, அதனால் வெளிவேலையையும் ஓரெஸ்டே செய்து டேப்பு ஒட்டினான். அடுத்த வசந்தத்தில் அவள் உள்ளே இருந்த நாலைக் கிழித்தாள். அந்தச் சின்னக் கதவை மறந்தாள். டேப்பு அங்கேயே கிடந்தது. அந்தக் கோடையிலும் யாரும் கால் கழுவவில்லை; பைப்பில் இருந்த பழைய ரோஸ் மட்டும் கோடைத் தண்ணீரோடு கலந்து வீரியம் போயிற்று. போன அக்டோபரில் மார்வின் கதவைத் திறந்தான், பச்சையைப் பார்த்தான், மைத்துனன் முந்திக்கொண்டான் என்று நினைத்து மூடினான். இந்த மே மாதம் அவள் அதையும் சேர்த்துக் கிழித்துப் பையில் போட்டாள், இரண்டு நாள் கழித்து இல்லை என்றாள். ஒருத்தரும் தேதியைப் படிக்கவில்லை.

ஆக, ஓரெஸ்ட் ஒட்டவில்லை என்றது உண்மை. மார்வின் பார்த்தேன் என்றதும் உண்மை. அங்கே நின்ற மூன்று பேரில் உண்மை பேசாதவள் ஒருத்திதான்.

டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி ஓரெஸ்டிடம் நீட்டினாள். அவன் இடது கையால் வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தான். இன்னொரு தடவை படித்தான்.

"என் எழுத்துதான்," என்றான்.

"ஆமா."

"எங்க இருந்துச்சு?"

"என் பையில. மே மாசத்துலேர்ந்து. மத்ததோட சேர்த்து நானே கிழிச்சிருக்கேன்."

அவனுக்கு விளங்க அரை நிமிஷம் ஆயிற்று. விளங்கியது முகத்தில் தெரிந்தது. டேப்பை அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

"அவன் விக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டான். இப்பப் போயி இதைக் காட்டி என்ன ஆகப்போகுது? அடுப்புல போடு."

"போடவா?"

ஓரெஸ்ட் வேலிப் பக்கம் பார்த்தான். வேலிக்கு அப்பால் அறுத்து முடித்த வயல், அதன்மேல் வாத்துக் கூட்டம் ஒன்று தெற்கே போய்க்கொண்டிருந்தது.

"அவனைப் பொய்யன்னு சொன்னேன், வெர்னா."

"தெரியும். பக்கத்துலதான நின்னேன்."

பக்கத்தில்தான் நின்றாள். அதுதான் இப்போது அவளைக் குடைந்தது. ஓரெஸ்ட் பொய்யன் என்றபோது மார்வின் போகவில்லை. அவனும் இவனும் நாற்பது வருஷமாக ஒருத்தரை ஒருத்தர் இதைவிட மோசமாகச் சொல்லி, அன்று சாயங்காலமே சேர்ந்து பீர் குடித்தவர்கள். மார்வின் தொப்பியை எடுத்தது அவள் 'இல்ல' என்று சொன்ன பிறகுதான். அவன் கோபம் ஓரெஸ்ட் மேல் என்று ஐந்து மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தங்கையின் வாயிலிருந்து வந்த சொல்லைத்தான் அவன் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

டிரெய்லருக்குள் பம்பின் உறுமல் மாறி, வெறும் காற்றை இழுக்கிற ஊளையாகக் கேட்டது. வெர்னா உள்ளே ஓடினாள். கேன் காலி. வெந்நீர்க் குழாயில் இன்னும் காற்றுதான், ஒரு சொட்டு ரோஸ் வரவில்லை. இருபது லிட்டரும் எங்கே போயிற்று என்று அவளுக்குப் பிடிபடவில்லை. யோசிக்கிற நிலையிலும் அவள் இல்லை. ஊளையிடுகிற பம்பை விட்டுவிட்டுப் போனை எடுத்தாள். இப்போது பேசாவிட்டால் அப்புறம் பேச மாட்டோம், அடுப்பில்தான் போடுவோம் என்று தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

நாலாவது மணியில் எடுத்தான். பின்னால் கால்பந்து வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது.

"மார்வின், நான்தான்."

"தெரியுது. நம்பர் வருதே."

"டேப்பு இருந்துச்சு."

"என்ன டேப்பு?"

"வெளிக்குழாய்க் கதவுல. நீ சொன்ன மாதிரியே இருந்துச்சு. நான்தான் கிழிச்சேன். கிழிச்சிட்டு இல்லன்னு சொன்னேன்."

வர்ணனைச் சத்தம் குறைந்தது. 

"அது முந்தின வருஷத்து டேப்பு. உனக்கு இடுப்பு பிடிச்சிருந்தப்ப ஓரெஸ்ட் ஒட்டினது. அடுத்த வசந்தத்துலயே நான் எடுத்திருக்கணும். எடுக்கல. நீ பார்த்தது அதைத்தான். இப்ப என் கையில இருக்கு."

"அஞ்சு மாசம்," என்றான் மார்வின்.

"ஆமா."

"நான் அவனைக் கேக்கல, வெர்னா. அவன் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா? உன்னைத்தான் கேட்டேன்."

 மன்னிப்பு கேட்க என்று எடுத்த போனில் அந்தச் சொல் மட்டும் வர மறுத்தது. "யோசிக்காம சொல்லிட்டேன்," என்றாள். "கையில மெத்தை இருந்துச்சு. நீ கேட்டே, நான் வாயில வந்ததைச் சொன்னேன். அப்புறம் சொன்னதையே உண்மைன்னு நானும் நம்பிட்டேன். தப்பு என்னோடது. முழுசா என்னோடது."

மார்வின் போனை வைத்துவிடுவான் என்று நினைத்தாள். வைத்தால் திரும்பக் கூப்பிடுவது என்றும், எடுக்காவிட்டால் காரை எடுத்துக்கொண்டு போவது என்றும் முடிவு செய்தாள்.

"பின்னாடி என்ன சத்தம்?" என்று மார்வின் கேட்டான்.

"பம்பு."

"காத்தை இழுக்குது."

"கேன் காலியாயிடுச்சு. வெந்நீர்க் குழாயில ஒண்ணுமே வரல."

"வெந்நீர் டாங்கி வால்வைத் திருப்புனியா?"

வெர்னா கட்டிலுக்கு அடியில் இருந்த சின்னப் பலகைக் கதவைப் பார்த்தாள். அதற்குப் பின்னால்தான் அந்த வால்வு. டாங்கிக்குள் போகாமல் சுற்றுவழியாகப் போகும்படி முதலில் அதைத் திருப்ப வேண்டும், அப்புறம்தான் பம்பு. திருப்பாவிட்டால் ஏற்றுகிறதெல்லாம் டாங்கியின் வயிற்றுக்குள் போய்விடும். பத்து வருஷமாக ஓரெஸ்ட் அதைத் திருப்புவதை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள்.

"இல்ல," என்றாள். சொல்லிவிட்டு அந்தச் சொல்லைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள்.

மார்வினின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா பெருமூச்சா என்று தெரியவில்லை. "இந்த 'இல்ல'யை நம்பறேன். முதல்ல பம்பை நிறுத்து, எரிஞ்சு போயிரும். டாங்கியில போனதைப் பிடிச்சுத் திரும்ப ஊத்தாத, அடியில இருக்கிற சுண்ணாம்பு பம்பை அடைச்சிரும்."

"கடை மூடியிருப்பாங்களே."

"என் கராஜுல ஒரு கேன் இருக்கு. அந்த எருமையை எதையும் தொட வேண்டாம்னு சொல்லு."

எருமை என்ற சொல் அவன் காதுவரை போயிருக்கிறது. வெர்னா போனை வைத்துவிட்டு, பம்பை நிறுத்தி, கட்டில்மேல் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். ஐந்து நிமிஷம்தான். அதற்குமேல் உட்கார முடியாத அளவுக்குக் குளிர் ஏறிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் மார்வினின் பிக்கப் வண்டி வந்து நின்றது. ஒரு கையில் கேன், இன்னொரு கையிடுக்கில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பாட்டில். இளைத்திருந்தான். வெர்னாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். நேரே மடக்கு நாற்காலியிடம் போனான்.

"வா மச்சான்," என்றான் ஓரெஸ்ட்.

"கை எப்படி இருக்கு?"

"இருக்கு."

"நாக்கு?"

"அதுக்கு ஆபரேஷன் கிடையாதாம். கேட்டுப் பார்த்தேன்."

மார்வின் கேனைக் கீழே வைத்தான். ஓரெஸ்ட் எழுந்து நிற்கப் பார்த்தான். ஒரு கையால் முடியவில்லை, மறுபடி உட்கார்ந்தான். "நான் சொன்னது தப்பு," என்றான் தரையைப் பார்த்து.

"எது? நீ நிறையச் சொன்னே."

"எல்லாம்தான்."

"சரி," என்றான் மார்வின். ஐந்து மாதச் சண்டை அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. வெர்னா ஒரு சர்ச் கூடம் நிறையப் பேசியும் முடியாத சண்டை அது.

அப்புறம் இருட்டுவதற்குள் வேலை நடந்தது. மார்வின் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு வால்வைத் திருப்பினான். வெர்னா ஒவ்வொரு குழாயாகத் திறந்தாள், ரோஸ் வந்ததும் கத்தினாள், டேப்பில் எழுதி ஒட்டினாள். டாங்கியில் போனதை வாளியில் வடித்தார்கள். வேலை ஆக ஆக இரண்டு ஆண்களுக்கும் ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. இனி ஒருத்தரையொருத்தர் திட்டத் தேவையில்லை, திட்டுவதற்குப் பொதுவாக ஒருத்தி கிடைத்திருக்கிறாள்.

"இருபது லிட்டரையும் டாங்கிக்கு ஊட்டியிருக்கா, மச்சான்," என்றான் ஓரெஸ்ட். "தாகமா இருக்கும்னு நினைச்சா போல."

"உள்ளங்கை அகலக் கதவுன்னு ஊர் பூரா சொன்னாளாமே?"

"சொன்னா. உனக்கு ஒரு எருமை, எனக்கு ஒரு எருமை. வஞ்சகமே இல்லாம சரிபாதி."

"எருமையாவது தேதி படிச்சிருக்கும்."

"நீ படிச்சியா?" என்றாள் வெர்னா.

"கண்ணாடி வண்டியில இருந்துச்சு."

"ஆமா, ஆமா, வண்டியில."

வாயால் சண்டை போட்டாள், உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சமும் வலிக்கவில்லை. இனி சாகிறவரை ஒவ்வொரு நன்றித் திருநாளிலும் இந்தக் கதை மேஜைக்கு வரும், வான்கோழியைப் போல, தவறாமல். வரட்டும் என்று நினைத்தாள்.

கடைசியாக வெளிக்குழாய். மார்வின் சின்னக் கதவைத் திறந்து பிடித்தான். ரோஸ் தண்ணீர் வெள்ளைப் பனி பூக்கத் தொடங்கியிருந்த புல்லில் பீய்ச்சி அடித்தது. அவன் பேனாவை அவளிடம் நீட்டினான். வெளி, அக்டோபர் 12, 2024 என்று எழுதி, கீழே தன் பெயரையும் எழுதி, கதவின் உட்பக்கம் ஒட்டினாள்.

"வசந்தத்துல யாரு கிழிக்கிறது?" என்று கேட்டான்.

"நான்தான்."

"பழசைக் கொடு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் தேதியை இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தான். பிறகு அதைப் பர்ஸைத் திறந்து உள்ளே ஒட்டிக்கொண்டான்.

"மெல்ஃபோர்ட் ஆளுங்க?" என்று வெர்னா மெல்லக் கேட்டாள்.

"வர வேணாம்னு சொல்லிட்டேன்."

"எப்ப?"

"நீ போனை வச்சதும்."

வீட்டுக்குள் அடுப்பில் முட்டைக்கோஸ் சுருள்கள் வெந்துகொண்டிருந்தன, திங்கட்கிழமைக்கு. ஆளுக்கு ரெண்டு இன்றைக்கே எடுத்து வைத்தாள். மார்வின் காகிதத்தைப் பிரித்து பீட்ரூட் ஊறுகாய்ப் பாட்டிலை மேஜை நடுவில் வைத்தான். ஓரெஸ்ட் இடது கையால் மூடியைத் திறக்கப் பார்த்து, முடியாமல் மைத்துனனிடம் தள்ளினான். எப்போதும் உட்காருகிற நாற்காலியில் மார்வின் உட்கார்ந்தான். வெர்னா தட்டுகளை வைத்துவிட்டு உட்காரப் போனபோது அவன் முகத்தை நிமிர்த்தாமல் கேட்டான்.

"வெர்னா, வெளிக்குழாய்க் கதவை மூடினியா?"

மூடினேன் என்று வாய் வரை வந்துவிட்டது. மூடியதாகத்தான் ஞாபகம். வெர்னா வாயை மூடிக்கொண்டாள். வாசல் ஆணியில் கழற்றி மாட்டியிருந்த பழைய ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, டார்ச்சைத் தேடி எடுத்து, மறுபடி குளிருக்குள் இறங்கினாள்.

கதவு மூடித்தான் இருந்தது. இருந்தாலும் திறந்து, வெளிச்சத்தில் தேதியைப் படித்து, மறுபடி மூடித் தாழைத் திருகினாள். வீட்டுக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது, இரண்டு பேரும் சேர்ந்து, மேஜையைத் தட்டித் தட்டி. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தும் அவள் உடனே உள்ளே போகவில்லை. கை விறைக்கிறவரை டிரெய்லர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.